‘தரவுகள் குறியாக்கம் செய்யப்பட வேண்டும்’ என்ற ஒற்றை வரி: வட மாகாணத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழு உறுப்பினர்களே,

விவசாயமோ சுகாதாரமோ உள்ளூராட்சியோ, எந்தத் திணைக்களம் கைபேசிச் செயலி செய்விக்கப் புறப்பட்டாலும் கேள்விப் பத்திரம் (டெண்டர்) கடைசியில் உங்கள் மேசைக்குத்தான் வருகிறது. இலச்சினை எங்கே வர வேண்டும், எத்தனை மொழி, உத்தரவாதம் எவ்வளவு காலம் என்பதையெல்லாம் அது விலாவாரியாகக் கேட்கும். பாதுகாப்பு என்று வரும் இடத்தில் மட்டும் ஒற்றை வரிதான் இருக்கும்: ‘தரவுகள் குறியாக்கம் செய்யப்பட வேண்டும்.’ அதாவது, மற்றவர் வாசிக்க முடியாதபடி பூட்டப்பட வேண்டும். விற்க வந்தவர் ‘ஓம், செய்திருக்கிறம்’ என்று ஒரு சரி போடுவார். குழுவும் ஒரு சரி போடும். அதோடு பாதுகாப்பு முடிந்தது.

யாழ்ப்பாணத்தில் இருந்து கைபேசி மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். அந்த வரியைப் பற்றித்தான் உங்களோடு கதைக்க வேண்டியிருக்கிறது. வரியில் பிழை இல்லை. ஆனால் இன்றைய செயலிகளில் பாரமான வேலை பல நேரம் கைபேசியில் நடப்பதே இல்லை. கைபேசி கேள்வியை எங்கோ உள்ள ஒரு கணினிக்கு, சேர்வருக்கு, அனுப்புகிறது, அது கணக்குப் பார்த்து விடையைத் திருப்பி அனுப்புகிறது. நாங்கள் வாங்குவது செயலியை மட்டுமல்ல, முகம் தெரியாத ஒருவரிடம் கணக்குப் பார்க்கக் கொடுக்கும் ஏற்பாட்டையும் சேர்த்துத்தான். கேள்விப் பத்திரங்கள் அந்த ஏற்பாட்டைப் பற்றி வாயே திறப்பதில்லை.

என்ன நடக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். உரும்பிராய்ப் பக்கம் மிளகாய் வைத்திருக்கும் ஒரு ஐயா, இலையைப் படம் பிடித்தால் நோய் சொல்லும் ஒரு செயலியைப் போட்டிருந்தார். எந்த நிறுவனத்தின் செயலி என்பது இங்கே தேவையில்லை. கன்றுகள் சில சுருண்டு நின்றன. ஒரு இலையைப் படம் பிடித்தார். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றியது, சுற்றியது, பிறகு விடை வந்தது: பங்கசு நோய், இன்ன மருந்து அடிக்கவும். ஐயா இலையைத் திருப்பிப் பிடித்து, ‘பங்கசோ? இஞ்ச பார் தம்பி, பூச்சி ஓடுது’ என்றார். உண்மைதான், இலையின் அடிப்பக்கம் சாறுறிஞ்சும் பூச்சிகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

அவரிடம் கேட்டுக்கொண்டு, கைபேசியை என் மடிக்கணினி வழியாக, குறியாக்கத்தைத் திறந்து பார்க்கும் ஏற்பாட்டோடு, இணையத்துக்கு விட்டு, வெளியே என்னென்ன போகிறது என்று பார்த்தேன். படம் கமரா எடுத்த முழு அளவில், 4 எம்பிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போனது. அந்தக் கோப்புக்குள்ளேயே கைபேசியின் மாதிரிப் பெயரும் படமெடுத்த நேரமும் இருந்தன. தோட்டத்தின் ஜிபிஎஸ் ஆள்கூறுகளும் இருந்தன. பதிவு செய்த தொலைபேசி இலக்கம் கூடவே போனது. மிளகாய் இலைக்கு மருந்து கேட்ட மனுசனின் காணி எந்த இடம், அவர் யார், எத்தனை மணிக்குத் தோட்டத்தில் நிற்பார் என்பதெல்லாம் வெளிநாட்டுச் சேர்வர் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. போன வழி முழுக்கக் குறியாக்கம் ஒழுங்காக இருந்தது. அந்த நிறுவனம் உங்கள் வரிக்குச் சரி போட்டிருந்தால் அது பொய்யாக இருந்திருக்காது.

முதலில், அந்தப் படம் வெளியே போகத்தான் வேண்டுமா? படங்களை அடையாளம் காணப் பழக்கிய நிரல்களை மாதிரிகள் என்போம். அந்த மாதிரிகள் பலவும் உள்ளே எடுப்பது 224க்கு 224 புள்ளி அளவுள்ள சின்னப் படத்தைத்தான். மிச்சமெல்லாம் அந்தப் பக்கம் போனதும் சுருக்கி எறியப்படும். அந்தச் சுருக்கலைக் கைபேசியிலேயே செய்து, ஒட்டியிருக்கும் ஆள்கூறுகளைக் கழற்றிவிட்டால், அனுப்ப வேண்டியது சில பத்துக் கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். ஐயாவின் ரீலோட் காசு மிச்சம். அவருடைய காணியும் அவரோடேயே இருக்கும். இதற்குப் பெரிய வித்தை தேவையில்லை, ஒரு பின்னேர வேலை. யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் செய்யவில்லை.

இன்னும் ஒரு படி போகலாம். 2017 இல் கூகுள் வெளியிட்ட மொபைல்நெட் என்ற மாதிரியில், அது பழகியதை வைத்திருக்கும் எண்கள் ஏறத்தாழ 42 இலட்சம். எண்ணுக்கு ஒரு பைட் என்று சுருக்கி வைத்தால் முழு மாதிரியுமே 4 எம்பி சொச்சம்தான். ஐயா அனுப்பிய ஒரேயொரு படத்தின் அளவு அது! ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு இணையமே இல்லாமல் தோட்டத்தில் நின்று எத்தனை இலையையும் பார்க்கலாம். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் ஏற்றபடி அதைப் பழக்க வேண்டும் என்பது வேறு வேலை. ஆனால் இலை நோய் பார்க்கும் செயலிக்குக் கடல் கடந்து கணக்குப் பார்க்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

வேலையை வெளியே அனுப்புவது எப்போது இலாபம் என்ற கணக்கு ஆராய்ச்சியாளருக்கு எப்பவோ தெரிந்ததுதான். கணக்குப் பெரிதாக, அனுப்ப வேண்டிய தரவு சிறிதாக இருந்தால் அனுப்பு. தரவு பெரிதாக, கணக்குச் சிறிதாக இருந்தால் கைபேசியிலேயே வைத்துக்கொள். 2010 இல் மைக்ரோசொஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவு சார்ந்த குழுவொன்று மாவி என்ற அமைப்பைச் செய்து, முகம் அடையாளம் காணும் வேலையைப் பக்கத்துச் சேர்வருக்கு அனுப்பினால் கைபேசி செலவழிக்கும் மின்சக்தி பத்தில் ஒரு மடங்கு அளவுக்கு இறங்கும் என்று காட்டியது. அதே வேலையை 3ஜி வழியாகத் தூரத்துச் சேர்வருக்கு அனுப்பினால் அந்த இலாபம் குறைந்துவிடும், வானலையோடு மல்லுக்கட்டுவதில் கூடுதல் சார்ஜ் இறங்கும். அந்த அமைப்பில் எனக்குப் பிடித்தது வேறொன்று. இடையில் இணைப்பு அறுந்தால், காத்திருந்து பார்த்துவிட்டு, வேலையைக் கைபேசியே எடுத்துச் செய்து முடிக்கும். நெடுந்தீவில் நின்று செயலி பாவிப்பவருக்கு இந்த ஒரு குணம் போதும். இங்கே செய்து தரப்படும் பல செயலிகள் இணைப்பு அறுந்தால் வட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

சரி, எல்லாவற்றையும் கைபேசியிலேயே செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் பெரிய மாதிரிகளைப் பழைய கைபேசி தாங்காது. நீரிழிவுக்காரரின் விழித்திரைப் படத்தை நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால் அதைச் சின்னதாக்கவும் முடியாது, அங்கே நுண்ணிய புள்ளிகள்தான் நோய். இப்படியான வேலைகள் வெளியே போகத்தான் வேண்டும். அப்படியென்றால் எங்கே, யாரிடம்?

சென்னை ஐஐடியில் படித்து, அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் மகாதேவ் சத்தியநாராயணன் 2009 இல் மற்ற மூவரோடு சேர்ந்து ஒரு யோசனையை எழுதினார். தூரத்து மாபெரும் தரவு மையத்துக்குப் பதிலாக, கைபேசிக்குப் பக்கத்திலேயே, ஒரு வைஃபை தாண்டும் தூரத்தில், ஒரு சின்னக் கணினி வைத்து அதனிடம் வேலையைக் கொடுப்பது. கிளவுட்லெட் என்று பெயர் வைத்தார்கள். தூரம் என்பது காசு கொடுத்து வெல்ல முடியாத ஒன்று என்பதில்தான் அந்த யோசனை நிற்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் கிட்டத்தட்ட 2,800 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி ஒரு விநாடிக்கு ஓடுவது ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர். போய்வர 28 மில்லிவிநாடிக்குக் குறைய வழியே இல்லை. உண்மையில் இன்னும் கூடும், ஏனென்றால் எங்கள் போக்குவரத்து முதலில் 400 கிலோமீற்றர் தெற்கே போய்த்தான் கடலுக்குள் இறங்குகிறது.

இலைப் படத்துக்கு அந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. நான் பக்கத்துக் கணினி கேட்பது வேகத்துக்காக இல்லை. யாருடைய கையில் இருக்கிறது என்பதற்காகவும், இணைப்பு அறுந்தாலும் வேலை நடக்க வேண்டும் என்பதற்காகவும் கேட்கிறேன். தேசிய மின்வலையோடு இணையாத நெடுந்தீவின் வைத்தியசாலையில், சூரிய மின்கலத்தில் ஓடும் ஒரு சின்னக் கணினி இருந்தால், குறிகட்டுவான் படகுத்துறைக்கு இப்பால் இணையம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் அங்குள்ள உத்தியோகத்தர் தன் வேலையைச் செய்வார். இங்கே திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானத் துறை இருக்கிறது, கிளிநொச்சியில் பொறியியல் பீடம் இருக்கிறது. இப்படியொன்றை நடத்த ஆளில்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

ஆனால் நம் நாட்டுக்குள் வைத்திருந்தாலே பாதுகாப்பு என்ற கதையையும் நான் நம்பவில்லை. 2023 ஓகஸ்டில் அரச நிறுவனங்களின் பொதுச் சேர்வர் ஏற்பாடான இலங்கை அரச கிளவுட் மீது பணயம் கேட்கும் மென்பொருள் பாய்ந்தபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போயின. ஏறத்தாழ 5,000 முகவரிகள். அந்தக் காலப் பகுதிக்கு வேறாக எடுத்து வைத்த பிரதி இருக்கவில்லை. அதனால் பக்கத்தில் ஒரு கணினி கேட்கும்போதே அதைத் திருத்துகிற, பிரதி எடுக்கிற ஆளுக்கான சம்பளத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

இனிக் குறியாக்கம். வழியில் போகும்போது பூட்டுவது ஒன்று, வன்தட்டில் கிடக்கும்போது பூட்டுவது இன்னொன்று. இரண்டையும் எல்லாரும் செய்வார்கள், செய்யாவிட்டால் வெட்கம். கணக்குப் பார்க்கும் நேரத்தில்தான் பிரச்சினை. படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சேர்வர் பூட்டைத் திறக்கத்தான் வேண்டும். அந்த நேரத்தில் அந்தக் கணினியை ஆளுபவர் எல்லாவற்றையும் பார்க்கலாம், பிரதி எடுக்கலாம், தன் அடுத்த மாதிரியைப் பழக்கப் பாவிக்கலாம். ‘குறியாக்கம் செய்யப்பட வேண்டும்’ என்ற வரி இந்த இடத்தைத் தொடுவதே இல்லை.

பூட்டைத் திறக்காமலே கணக்குப் பார்க்க முடியுமா என்று ரிவெஸ்ட், ஏடில்மன், டெர்டூசொஸ் மூவரும் 1978 இலேயே கேட்டார்கள். எந்தக் கணக்கையும் அப்படிப் பார்க்கலாம் என்று 2009 இல் கிரெய்க் ஜென்ட்ரி காட்டினார். தொடக்கத்தில் அது நம்ப முடியாத அளவுக்கு மந்தம். 2011 இல் செய்து பார்த்தபோது, மிக இறுக்கமான பாதுகாப்பு அளவில், பூட்டைப் புதுப்பிக்கும் ஒரேயொரு படிக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. இப்போது அப்படியில்லை. 2024 இல் வந்த ஐஓஎஸ் 18 இல், அழைப்பவர் யார் என்று தேடிப் பார்க்கும் ஒரு வசதி இந்த வழியில் வேலை செய்கிறது. எந்த இலக்கத்தைத் தேடினோம் என்று தேடிக் கொடுத்த சேர்வருக்கே தெரியாது. ஆனாலும் விழித்திரைப் படம் போன்ற பாரமான வேலைக்கு இன்றைக்கு இது செலவு கூடிய வழிதான். இன்னொரு வழி, சேர்வரின் சில்லுக்குள்ளேயே ஒரு மூடிய அறை வைப்பது. இன்டெலின் எஸ்ஜிஎக்ஸ் அப்படிப்பட்டது. 2018 இல் போர்ஷடோ என்ற தாக்குதல் அந்த அறைக்குள்ளும் எட்டிப் பார்க்கலாம் என்று காட்டிவிட்டது. அதற்காக அது பிரயோசனம் இல்லை என்று ஆகாது. எட்டிப் பார்க்க இப்போது கூடுதல் பாடுபட வேண்டும், அவ்வளவுதான்.

என்னை உண்மையில் உறுத்துவது இதுவும் இல்லை. இரகசியம் பற்றியாவது எல்லாரும் ஒரு வரி எழுதுகிறார்கள். திரும்பி வரும் விடை சரியா என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

தூள் அரைக்கக் கொடுக்கும் எங்கள் வீட்டுப் பெண்கள் மில்லில் பக்கத்திலேயே நிற்பார்கள். நம் சரக்கோடு மற்றவரின் சரக்கைக் கலந்துவிடுவான், நல்லதை எடுத்துவிட்டு மலிவானதைப் போட்டுவிடுவான் என்ற பயம். சேர்வருக்குப் பக்கத்தில் அப்படிப் போய் நிற்க முடியாது. அங்கே நடக்கக்கூடிய கள்ளமும் இதே மாதிரித்தான். பெரிய மாதிரி ஓடுவதாகச் சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு, மின்சாரச் செலவை மிச்சம் பிடிக்கச் சின்ன மாதிரியை ஓட்டலாம். நெரிசல் நேரத்தில் நேற்றைய விடையையே திருப்பிக் கொடுக்கலாம். விடை எப்படியும் விடை மாதிரித்தான் இருக்கும். திரையில் ‘பங்கசு நோய்’ என்று வந்தால் அதற்குப் பின்னால் எந்த மாதிரி ஓடியது என்று யாருக்குத் தெரியும்?

இதற்குக் கணிதத்தில் அருமையான மருந்து இருக்கிறது, 1977 இலிருந்து. சாதாரண தரத்தில் படித்த தாயப் பெருக்கத்தை, அதாவது நிரை நிரலாக எண்களை அடுக்கிய இரண்டு அட்டவணைகளைப் பெருக்குவதை, ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். நரம்பு வலை என்ற வகையைச் சேர்ந்த இந்த மாதிரிகளின் வேலையில் பெரும்பகுதி அதுதான். 1,000 நிரை, 1,000 நிரல் கொண்ட இரண்டு தாயங்களைப் பள்ளிக்கூட முறையில் பெருக்க 100 கோடி பெருக்கல் வேண்டும். சேர்வர் பெருக்கி விடையைத் தருகிறது. சரியா என்று பார்க்கத் திரும்பவும் 100 கோடி பெருக்கல் செய்தால் வெளியே கொடுத்ததில் அர்த்தமில்லை. லற்வியாவின் கணிதர் பிரெய்வால்ட்ஸ் சொன்ன வழி இது: 0, 1 இரண்டையும் எழுமாற்றாகப் போட்டு 1,000 எண்ணுள்ள ஒரு நிரலை எடுங்கள். அதை இரண்டாம் தாயத்தால் பெருக்கி, வருவதை முதலாம் தாயத்தால் பெருக்குங்கள். அதே நிரலைச் சேர்வர் தந்த விடைத் தாயத்தாலும் பெருக்குங்கள். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். இதற்குச் செலவு 30 இலட்சம் படிகள்தான். விடை பிழையென்றால் ஒரு முறையிலேயே பிடிபடுவதற்கு அரைவாசிக்குக் குறையாத வாய்ப்பு உண்டு. புதிய நிரல்களோடு இருபது முறை செய்தால், பிழை தப்பிப்போகும் வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. செலவு 6 கோடிப் படிகள், முழுக் கணக்கில் ஏறத்தாழப் பதினேழில் ஒரு பங்கு. எந்த நிரலை எடுக்கப் போகிறோம் என்று சேர்வருக்கு முன்கூட்டித் தெரியாததால் ஏமாற்றுக்காரருக்குப் பிடி கிடைக்காது. நான் மாணவர்களுக்கு இதைக் காட்டும்போதெல்லாம் யாரோ ஒரு பெடியன் ‘அவ்வளவுதானோ சேர்?’ என்று கேட்பான். அவ்வளவுதான்.

எந்தக் கணக்குக்கும் சான்று கேட்கும் வழிகளும் வந்துவிட்டன. 2010 இல் ஜெனாரோ, ஜென்ட்ரி, பார்னோ மூவரும் நம்ப முடியாத வேலைக்காரரிடம் கணக்கைக் கொடுத்து, விடையோடு சான்றையும் வாங்குவது எப்படி என்று வரையறுத்தார்கள். 2013 இல் வந்த பினோக்கியோ அமைப்பில் அந்தச் சான்று 288 பைட். கணக்கு எவ்வளவு பெரிதானாலும் அதே 288 பைட்தான், ஏறத்தாழ இரண்டு குறுஞ்செய்தி அளவு. சரிபார்க்க எடுப்பது 10 மில்லிவிநாடி அளவு. சான்று செய்கிற பக்கத்துக்குத்தான் செலவு கடுமை. அதனால் இதை நாளைக்கே உங்கள் பத்திரத்தில் எழுதச் சொல்ல மாட்டேன்.

நாளைக்கே எழுதக்கூடியது எளிய வழி. உலகம் முழுவதும் இருந்த வீட்டுக் கணினிகளில் 1999 இலிருந்து வானொலி அலைகளை ஆராய்ந்த செட்டி அட் ஹோம் திட்டத்தில், முன்னணியில் நிற்கும் ஆசையில் சிலர் பொய் விடை அனுப்பினார்கள். திட்டக்காரர் ஒரே வேலையை ஒன்றுக்கு மேற்பட்டவருக்குக் கொடுத்து விடைகளை ஒப்பிட்டார்கள். நாங்களும் அதுபோலச் செய்யலாம். விடை தெரிந்த சில நூறு படங்களை விவசாயப் போதனாசிரியர்கள் சேர்த்து வைத்திருக்கட்டும். கிளிநொச்சியில் உள்ள விவசாய பீடத்தார் அவற்றைச் சரிபார்க்கட்டும். அவை வழமையான கேள்விகளோடு கேள்வியாக, யாருடையது என்று தெரியாதபடி, மாதா மாதம் கலந்து போகட்டும். சேர்வர் சோம்பினால் அங்கே தெரிந்துவிடும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பிரெய்வால்ட்ஸின் சோதனை சொல்வது, ஒப்புக்கொண்ட மாதிரி ஒழுங்காக ஓடியதா என்பதை மட்டும். அந்த மாதிரிக்கு எங்கள் மிளகாயைத் தெரியுமா என்பதை அது சொல்லாது. ஐயாவின் இலை விஷயத்தில் சேர்வர் நேர்மையாகவே கணக்குப் பார்த்திருக்கலாம், மாதிரி வேறெந்த நாட்டு இலைகளிலோ பழகியிருக்கலாம். விடை தெரிந்த படங்களைக் கலந்து அனுப்பும் வழி இரண்டு குறையையும் பிடிக்கும், எந்தக் குறை என்று மட்டும் பிரித்துச் சொல்லாது. அதனால் இரண்டும் வேண்டும்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை எதற்குப் பாவிப்பது என்று தீர்மானிப்பவரையும் அவருக்காக அதைக் கையாளுபவரையும் பிரித்துப் பார்க்கிறது. சுகாதாரத் தரவைத் தனி வகையாக வைக்கிறது. அதன் பகுதிகள் நடைமுறைக்கு வரும் திகதிகள் தள்ளிப்போயிருக்கின்றன. அதைச் சாட்டாக வைத்துக் காத்திருக்க வேண்டாம். விழித்திரையின் இரத்தக்குழாய் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு. அது கசிந்துபோனால் கடவுச்சொல்லைப் போல மாற்ற முடியாது.

ஆகவே அந்த ஒற்றை வரிக்குப் பதிலாக உங்கள் பத்திரம் இப்படிக் கேட்கலாம். எந்தெந்த வேலை கைபேசியில் நடக்கிறது, எது வெளியே போகிறது, வெளியே போவது ஏன் கைபேசியில் முடியாது என்பதை விற்பவர் எழுத்தில் தர வேண்டும். வெளியே போகும் ஒவ்வொரு தகவலையும் பட்டியலிட வேண்டும், மதிப்பீட்டு நாளன்று குழுவின் முன்னிலையில் ஒரு கைபேசியின் போக்குவரத்தைத் திறந்து காட்ட வேண்டும். கணக்குப் பார்க்கும் நேரத்தில் தரவு யாருக்குத் தெரியும், விடை கொடுத்த பின் எவ்வளவு நேரத்தில் அழிக்கப்படும், மாதிரியைப் பழக்க அது பாவிக்கப்படுமா என்பது ஒப்பந்தத்தில் வர வேண்டும். ஓட்டும் மாதிரியின் ஒரு பிரதி திணைக்களத்திடம் இருக்க வேண்டும், அப்போதுதான் எழுமாற்றாகச் சில கேள்விகளை உங்கள் கணினியில் சரிபார்க்கலாம். சோதனைப் படங்களில் தவறினால் கொடுப்பனவு குறையும் என்று ஒரு வாசகம் வேண்டும். இணைப்பு அறுந்தால் செயலி என்ன செய்யும் என்பதைக் கொழும்பில் ஒரு குளிரறையில் காட்டினால் போதாது, நெடுந்தீவுத் துறைமுகத்தில் நின்று காட்ட வேண்டும்.

இப்படிக் கேட்டால் விலை கூடும், சின்ன நிறுவனங்கள் ஓடிவிடும் என்று உங்களில் ஒருவர் சொல்வார், எனக்குத் தெரியும். எனக்குத் தோன்றுவது மறுவளம். வெளிநாட்டுச் சேவை ஒன்றைச் சந்தா கட்டி வாங்கி, மேலே தமிழில் ஒரு தோல் போர்த்தி விற்பவருக்குத்தான் இந்தக் கேள்விகள் கஷ்டம். கொக்குவிலிலும் திருநெல்வேலியிலும் இரண்டு அறை எடுத்து வேலை செய்யும் பெடியளுக்கு இவை தெரிந்த கேள்விகள். இதுவரைக்கும் அதற்கு யாரும் புள்ளி போடவில்லை, அவ்வளவுதான். விலைக்கு அறுபது புள்ளி, நிறத்துக்குப் பத்துப் புள்ளி என்று வைத்துக்கொண்டு நல்ல வேலை வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளுக்குப் புதிய கேள்விப் பத்திரம் வரும் வரை பொறுக்கத் தேவையில்லை. பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போது மேலே சொன்ன முதல் இரண்டையும் கேட்டு ஒரு கடிதம் போடுங்கள். படத்திலிருந்து ஆள்கூறுகளைக் கழற்றும் திருத்தத்தை மட்டும் அதற்கும் முன்னரே, இந்த மாதமே, கேட்கலாம். போக்குவரத்தைத் திறந்து பார்க்க ஆள் தேவையென்றால் கூப்பிடுங்கள், மடிக்கணினியோடு வருகிறேன். அதற்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்தில் கைபேசி மென்பொருள் எழுதும் ஒருவன்